ஒருவருக்கு மட்டும் எழுதுங்கள்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம், "வேலை தேடுறதைப் பத்திப் பசங்களுக்கு ஏதாவது சொல்லுங்க சார், இருபது நிமிஷம் போதும்" என்றார். வேலை தேடுவது பெரிய கடல். அதில் ஒரு சொம்புத் தண்ணீரை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். வேலை தேடும்போது, நமக்குக் கொஞ்சமே தெரிந்த ஒருவருக்கு, அல்லது அறவே தெரியாத ஒருவருக்கு, எப்படிக் கடிதம் எழுதுவது? கடிதம் என்றதும் தபால்காரரை நினைக்க வேண்டாம். இ-மெயில், லிங்க்ட்இன் செய்தி, வாட்ஸ்அப் எல்லாமே என் கணக்கில் கடிதம்தான்.

இங்கே அமர்ந்திருக்கும் பழைய மாணவர்கள் தங்கள் போனை எடுத்துப் பார்த்தால் ஒரு செய்தி கண்டிப்பாக இருக்கும். "டியர் சார், ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஜாப். ப்ளீஸ் ரெஃபர் மீ." கீழே ஒரு பயோடேட்டா. அதன் பெயர் 'ரெஸ்யூமே ஃபைனல் நியூ 2'. இதே செய்தி அதே நாளில் நாற்பது பேருக்குப் போயிருக்கும். அதில் பத்துப் பேர் பெண்கள். அவர்களுக்கும் "டியர் சார்"தான். என்ன துறை, எந்த வருஷம், என்ன வேலை வேண்டும், எதுவும் கிடையாது. வாங்கியவர் என்ன செய்வார்? "அப்புறம் பார்க்கலாம்" என்று ஒதுக்கி வைப்பார். அந்த அப்புறம் வருவதே இல்லை.

அனுப்பிய பையன் என்ன நினைக்கிறான்? "சீனியருங்க யாரும் மதிக்கலை சார்" என்கிறான். இவன் பக்கத்து வருத்தமும் உண்மை, அவர் பக்கத்து அலுப்பும் உண்மை. நடுவில் கெட்டுப்போனது கடிதம்.

நம் பிள்ளைகள் ஏன் இப்படி எழுதுகிறார்கள்? சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, கூச்சம். கேட்பதே அவமானம் என்று நினைப்பதால், கண்ணை மூடிக்கொண்டு கசப்பு மருந்தை விழுங்குவதுபோல் ஒரே மூச்சில் எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு, இதைச் 'சிபாரிசு' என்று நினைத்துக்கொள்வது. சிபாரிசு என்றால் தகுதி இல்லாதவனைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவது. நான் சொல்வது அறிமுகம். "இப்படி ஒருவர் இருக்கிறார், இன்னது செய்திருக்கிறார், ஒரு தடவை பாருங்கள்" என்று சொல்வது அறிமுகம். பரீட்சை, இன்டர்வியூ எல்லாம் அதற்குப் பிறகும் இருக்கிறது. அறிமுகம் கேட்பதில் ஒரு இழுக்கும் கிடையாது.

இதில் யாருக்கு அதிகம் பாதிப்பு என்பதையும் பாருங்கள். மாமா பெரிய கம்பெனியில் மேனேஜராக இருக்கும் பையனுக்குக் கடிதமே தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் பேச்சு முடிந்துவிடும். அப்பா தறி ஓட்டி, அம்மா வயல் வேலைக்குப் போய், வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கும் பெண் இருக்கிறாளே, அவளுக்கு அந்த மாமா கிடையாது. அவள் கையில் இருப்பது ஒரு நல்ல கடிதம் மட்டும்தான். அதனால்தான் இந்தச் சின்ன விஷயத்துக்கு இவ்வளவு நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

"கடிதம் எழுதினால் வேலை கிடைத்துவிடுமா சார்?" என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்று ஒரு சமூகவியல் அறிஞர். பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறியவர்களிடம் "இந்த வேலை உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு ஆராய்ந்தார். 1973-இல் கட்டுரையாகவும் 1974-இல் புத்தகமாகவும் வெளியிட்டார். பாதிக்கு மேற்பட்டவர்கள் தெரிந்த மனிதர்கள் மூலமே வேலை பெற்றிருந்தார்கள். இதில் அதிசயம் இல்லை. அந்தத் தெரிந்த மனிதர் எவ்வளவு நெருக்கம் என்று கேட்டபோதுதான் அதிசயம் வந்தது. வாரம் இரண்டு முறையாவது சந்திக்கும் நெருங்கிய ஆள் மூலம் செய்தி வந்தது 100-க்கு 17 பேருக்குத்தான். மற்ற 83 பேருக்கு எப்போதாவது பார்ப்பவர், வருஷத்துக்கு ஒரு தடவைகூடப் பார்க்காதவர், இப்படிப்பட்டவர்கள் மூலமே வந்தது.

காரணம் யோசித்தால் புரியும். உங்கள் ரூம்மேட்டுக்குத் தெரிந்த செய்தி எல்லாம் ஏற்கெனவே உங்களுக்கும் தெரியும். ஒரே ஹாஸ்டல், ஒரே டீக்கடை, ஒரே வாட்ஸ்அப் குரூப். புதுச் செய்தி வேறு வட்டத்தில் இருப்பவரிடம்தான் இருக்கும். 2022-இல் 'சயின்ஸ்' இதழில் இன்னொரு ஆய்வு வந்தது. லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேருக்கு மேல், ஐந்து வருஷம் பார்த்திருக்கிறார்கள். அதிலும் இதே பாடம், சின்னத் திருத்தத்தோடு. ரொம்ப நெருக்கமும் வேண்டாம், முற்றிலும் அந்நியமும் வேண்டாம். பொதுவாகச் சிலரை இருவருக்கும் தெரிந்திருக்கும் அளவு அறிமுகம்தான் புது வேலைக்கு அதிகம் உதவியது. இந்த அளவு அறிமுகம் எங்கே கிடைக்கும்? சுற்றிலும் பாருங்கள். ஒரே கல்லூரி, வேறு வேறு வருஷம், வேறு வேறு ஊர். இந்த அரங்கமே அதுதான்.

சரி, எப்படி எழுதுவது? இதற்கு நான் வெளிநாட்டுப் புத்தகத்தைத் தேடிப் போகவில்லை. நம் ஊர்க்காரர் ஒருவர் எழுதிய கடிதமே போதும். 1913 ஜனவரி 16-ஆம் தேதி, சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தா, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணித அறிஞருக்குக் கடிதம் எழுதினார். குமாஸ்தாவின் பெயர் ராமானுஜன். இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். நாம் இன்று கணிதத்தை விட்டுவிட்டுக் கடிதத்தின் அமைப்பை மட்டும் பார்ப்போம்.

முதலில், தான் யார் என்று சில வரிகளில் சொல்கிறார். குமாஸ்தா, இவ்வளவு சம்பளம், பட்டப்படிப்பு இல்லை, சொந்தமாகக் கணிதம் செய்கிறேன். மறைப்பும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. அடுத்து, ஹார்டி எழுதிய ஒரு சிறு நூலைப் பெயர் சொல்லி, அதில் 36-ஆம் பக்கத்தில் பகா எண்களைப் பற்றி நீங்கள் இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள் என்று குறிப்பிடுகிறார். பக்க எண் சொல்கிறார், பாருங்கள்! இந்த வரியை ஹார்டிக்கு எழுதலாம். உலகத்தில் வேறு யாருக்கும் எழுத முடியாது. மூன்றாவது, அந்த விஷயத்தில் நான் இன்னது செய்திருக்கிறேன் என்று சொல்லிப் பல பக்கங்களில் தேற்றங்களை இணைத்திருக்கிறார். "நான் கெட்டிக்காரன்" என்ற பேச்சு இல்லை. சரக்கை எடுத்து முன்னால் வைத்துவிட்டார். நான்காவது, கேட்டது என்ன? "கேம்பிரிட்ஜில் இடம் கொடுங்கள்" என்று கேட்கவில்லை. இவற்றைப் படித்துப் பாருங்கள், மதிப்பு இருக்கிறது என்று தோன்றினால் பிரசுரிக்க விரும்புகிறேன் என்றார். வாங்கியவர் செய்யக்கூடிய ஒரு காரியம்.

அதற்கு முன்பே வேறு கணித அறிஞர்களுக்கும் எழுதியிருந்தார். அவர்களிடமிருந்து உதவி வரவில்லை. ஹார்டி பிப்ரவரி 8-ஆம் தேதியே பதில் எழுதிவிட்டார். 1914-இல் ராமானுஜன் கப்பல் ஏறினார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பகா எண்கள் பற்றி அந்தக் கடிதத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரியில்லை என்று பிற்பாடு தெரியவந்தது. ஆனாலும் கடிதம் பலித்தது. கூட வைத்திருந்த மற்றத் தேற்றங்கள் அவருக்காகப் பேசின.

"அவர் மேதை சார், நாங்க அரியர் கிளியர் பண்ணவே திண்டாடுறோம்" என்று ஒரு குரல் கேட்கிறது. மேதைமை அவருடையது, அதை யாரும் காப்பி அடிக்க முடியாது. நான்கு பகுதியுள்ள அந்தக் கடித அமைப்பை யாரும் எடுத்துக்கொள்ளலாம். மேதைக்கே அறிமுகங்கள் தேவைப்பட்டன என்பதையும் மறக்க வேண்டாம். 1910-இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசுவாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். ராமானுஜன் கேட்டது சின்ன குமாஸ்தா வேலை. அவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகம் கொடுத்து அனுப்பினார். அங்கிருந்து சேஷு ஐயர், அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ், கடைசியில் 1912 மார்ச் மாதம் துறைமுகக் கழகத்தில் வேலை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு. கிரானோவெட்டர் பிறப்பதற்கு முன்பே நம் ஊரில் நடந்தது இது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவர் ஒருவர், கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் வேலை பார்க்கும் சீனியருக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். கருத்துக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"வணக்கம் சார். நான் நம் கல்லூரியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். போன ஜனவரியில் துறையில் பேசியபோது, மணல் கலந்த தண்ணீர் வரும் போர்வெல்லில் சப்மெர்சிபிள் பம்பின் இம்பெல்லர் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று சொன்னீர்கள். அதையே எங்கள் புராஜெக்டாக எடுத்து, மூன்று மாதம் தேய்மானத்தை அளந்தோம். முடிவுகளை ஒரே பக்கத்தில் இணைத்திருக்கிறேன். பம்பு சோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர ஆசை. புதியவர்களிடம் அங்கே என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று உங்களிடம் பத்து நிமிஷம் போனில் கேட்கலாமா? எந்த நாள் மாலையும் எனக்குச் சரி. இப்போது நேரம் இல்லையென்றாலும் பரவாயில்லை சார்."

பத்துப் பன்னிரண்டு வரிதான். யார் என்பது வந்துவிட்டது. உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்பது வந்துவிட்டது. நான் என்ன செய்திருக்கிறேன் என்பது வந்துவிட்டது. கேட்பது பத்து நிமிஷம். மறுக்கவும் அவருக்கு வழி விட்டிருக்கிறார். இதை வாங்கியவர் அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பிறகு, "தம்பி, உன் ரெஸ்யூமேவை அனுப்பு" என்று தானே சொல்வதற்கு வாய்ப்பு அதிகம்.

ரெஃபரல் என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பல கம்பெனிகளில் ஊழியர் தன் கணக்கில் நுழைந்து, எந்த வேலை என்று எண்ணைக் குறிப்பிட்டு, "இவரை எனக்கு எப்படித் தெரியும்" என்றும் எழுத வேண்டியிருக்கும். முகமே தெரியாத பையனைப் பற்றி அவர் என்ன எழுதுவார்? அங்கே எழுத அவருக்கு இரண்டு வரி கொடுப்பதுதான் உங்கள் கடிதத்தின் வேலை. ஆகவே ரெஃபரல் கேட்கும் கட்டம் வந்தால், அந்த வேலையின் எண், அது உங்களுக்கு ஏன் பொருந்தும் என்று மூன்று வரி, பி.டி.எஃப். வடிவில் பயோடேட்டா, மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். "உங்க கம்பெனியில ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்டால், தேடும் வேலையையும் அவர் தலையில் வைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

எப்படிக் கூப்பிடுவது என்ற சந்தேகம் பலருக்கு. நான்கைந்து வருஷம் சீனியர் என்றால் அண்ணா, அக்கா என்று பேசுவது நம் கல்லூரி வழக்கம். நேரில் பழகியிருந்தால் அப்படியே எழுதலாம். இல்லையென்றால் சார், மேடம் போதும். பெயரை அவர் எழுதுகிறபடியே எழுதுங்கள். 'ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்' என்று மட்டும் எழுதாதீர்கள். "நீங்க யாருன்னு நான் பார்க்கவே இல்லை" என்று முதல் வரியிலேயே சொல்வதாகிவிடும்.

இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டால் பத்து விநாடியில் அழகான கடிதம் வந்துவிடுகிறது. இலக்கணப் பிழை திருத்த வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தச் சீனியர் ஜனவரியில் என்ன பேசினார், உங்கள் புராஜெக்டில் எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்தது என்பது அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், நாற்பது பேருடைய கடிதமும் ஒரே அச்சில் வார்த்த செங்கல் மாதிரி இருக்கும்.

இளைஞர்களிடம் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த அரங்கில் நாற்பத்தைந்து வயதில் வேலை தேட நேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2022-இல் மறைமலைநகரில் ஃபோர்டு கார் உற்பத்தி நின்றது. ஆலை மூடினால் கெட்டிக்காரன், சுமாரானவன் எல்லோரும் ஒரே நாளில்தான் வெளியே வருகிறார்கள். அதில் அவமானம் எங்கே வந்தது? அந்த வயதுக்காரர்களுக்கு இருக்கிற சொத்து, பழைய சக ஊழியர்கள். அவர்களுக்கு இப்படி எழுதலாம்:

"எப்படி இருக்கீங்க? பெயின்ட் ஷாப்பில் கன்வேயர் நின்றுபோய் நாம் இருவரும் விடிய விடிய நின்ற அந்த நைட் ஷிஃப்ட் இன்னும் ஞாபகம் இருக்கிறது. எங்கள் ஆலை மூடுகிறது; மார்ச்சோடு என் வேலை முடிகிறது. மெயின்டனன்ஸில் பதினெட்டு வருஷம், கடைசி ஆறு வருஷம் முப்பது பேரை வைத்து வேலை வாங்கியிருக்கிறேன். ஓசூர்ப் பக்கம் மின்சார வாகனத் தொழிற்சாலைகளில் இந்தத் துறையில் உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் என்னை அறிமுகப்படுத்த முடியுமா? அவருக்கு அப்படியே அனுப்புவதற்கு, என்னைப் பற்றி ஐந்து வரி கீழே தனியாக எழுதியிருக்கிறேன்."

"எட்டு வருஷமா பேசலை, இப்ப எப்படிப் பேசறது?" என்று தயங்க வேண்டாம். அவரும் உங்களோடு எட்டு வருஷமாகப் பேசவில்லை. அந்தக் கன்வேயர் வரி போதும், இடைவெளி குறைந்துவிடும். கீழே தனியாக எழுதிய ஐந்து வரி முக்கியம். அவர் உட்கார்ந்து யோசிக்காமல் ஒரே தட்டலில் அனுப்பிவிடலாம்.

இன்னும் சில்லறை விஷயங்கள் உண்டு. ஒரே பிரிவில் இருக்கும் ஐந்து பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள்; ஐவரும் ஒரே கேன்டீன் மேசையில்தான் சாப்பிடுகிறார்கள். இல்லாத புகழ்ச்சி வேண்டாம். அவர் கட்டுரையைப் படிக்காமல் "படித்து வியந்தேன்" என்று எழுதினால் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரெஃபரல் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, யாருக்கு என்றைக்கு எழுதினேன், என்ன சொன்னார் என்று குறித்துவையுங்கள். நாற்பது பேருக்கு ஒரே செய்தியை அனுப்புகிற நேரத்தில், நான்கு பேருக்கு நான்கு கடிதம் எழுதலாம்.

எல்லாவற்றையும்விட, முடிவைச் சொல்லுங்கள். அறிமுகம் செய்தவருக்கு "இன்டர்வியூ நடந்தது, கிடைக்கலை சார், ஆனா நீங்க சொன்ன கேள்வி வந்தது, நன்றி" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். வேலை கிடைத்தால் நன்றி சொல்வதே குறைவு. கிடைக்காதபோது சொல்பவர் அபூர்வம். அப்படிச் சொன்னவரை அடுத்த வாய்ப்பு வரும்போது தானாக ஞாபகம் வரும்.

கடைசியாக, என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடிதம் எழுதுவதைப் பற்றி இவ்வளவு பேசினேன். பதில் எழுதுவதைப் பற்றிச் சொல்லாவிட்டால் பேச்சு பாதிதான். ராமானுஜன் கதையில் ராமானுஜனைக் கொண்டாடுகிறோம். பிரித்துப் படித்துப் பதில் எழுதிய ஹார்டியையும், நோட்டைப் புரட்டிப் பார்த்த டெபுடி கலெக்டரையும் கொஞ்சம் கொண்டாட வேண்டாமா? நம் இன்பாக்ஸில் ராமானுஜன் வந்து கிடக்க வேண்டியதில்லை. ஒழுங்காக எழுதிய ஒரு சாதாரணப் பிள்ளை கிடந்தால் போதும். "எனக்குத் தெரியும், பேசலாம்", "எனக்குத் தெரியாது, இன்னாரைக் கேள்", "இப்போது முடியாது தம்பி" - மூன்றில் ஒன்றைப் பத்து நாளுக்குள் எழுதிவிடுவோம். முடியாது என்பதும் பதில்தான். மௌனத்தில்தான் அந்தப் பிள்ளை தன்னைத்தானே குறைவாக நினைக்க ஆரம்பிக்கிறது.

சங்கத்துக்கு ஒரு யோசனை. மாணவர்கள் தாராளமாக எழுதலாம், பதில் தருகிறோம் என்று சம்மதிக்கும் உறுப்பினர்களின் பட்டியலைத் துறைவாரியாக எடுத்து, பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் வையுங்கள். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் ஒரு மேசையும் நோட்டும் போட்டால், இன்றைக்கே ஐம்பது பெயர் சேர்ந்துவிடும். மாணவர்களே, அந்த மேசைப் பக்கம் நீங்களும் வாருங்கள். கையெழுத்துப் போடுகிறவரிடம் "சார், எந்தத் துறையில இருக்கீங்க?" என்று கேளுங்கள். உங்கள் முதல் கடிதத்தின் முதல் வரி அங்கேயே கிடைத்துவிடும்.

இருபது நிமிஷம் கேட்டு இருபத்தைந்து எடுத்துக்கொண்டேன்.